விலை ஏறியதற்குக் காரணம்

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் பக்கம் என் தங்கையின் கணவர். அவருக்கு வலப்பக்கம் அவருடைய கம்பெனிக் கணக்கர். சமையலறைக்குப் போய்வர வசதியாக வாசலை ஒட்டி என் தங்கை. சுவர்ப் பக்கம் நான். முடிவு எடுக்கப்பட்டபோது யார் யார் உடனிருந்தார்கள் என்று தாங்கள் கேட்டிருப்பதால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

என் ஆய்வுக் கட்டுரையைப் பொறுமையாகப் படித்ததற்கு நன்றி. தங்கள் பெயர் எனக்குத் தெரியாது. மதிப்பாய்வாளர் யாரென்று தெரியக்கூடாது என்பது பத்திரிகையின் விதி, நல்ல விதிதான். தங்கள் இரண்டாவது கேள்வி மிகவும் நியாயமானது. இந்தத் துறையில் எல்லோரும் தடுக்கி விழும் இடமும் அதுதான். பங்கு விலை ஏறுகிறது, முதலாளி புதிய ஆலை கட்டுகிறார். விலை ஏறியதால் கட்டினாரா, இல்லை வியாபாரம் நன்றாக நடந்ததால் விலையும் ஏறி ஆலையும் எழுந்ததா? இரண்டையும் பிரித்துப் பார்க்க, கம்பெனிக்குள் எந்தக் காரணமும் இல்லாமல் ஏறிய விலை ஒன்று வேண்டும். இது அப்படிப்பட்ட ஏற்றம்தான் என்று கட்டுரையாளருக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள்.

எனக்குத் தெரியும். ஏற்றியவன் நான்.

ஒரு வணிக வார இதழில் பல வருடங்களாகப் பங்கு மதிப்பீடு எழுதி வருகிறேன். பேராசிரியர் எழுதுகிறார் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்கள் நிறையப் பேர். சிறு கம்பெனிகளின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுத்தேன். அதன் பங்கு இப்போதைய விலையைப்போல இருமடங்கு பெறும் என்று எழுதினேன். கதவுக் கீலும் தாழ்ப்பாளும் செய்கிற கம்பெனி. அங்கே புதிதாக எதுவும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்று நன்றாக விசாரித்துக்கொண்டுதான் எழுதினேன். விலை மளமளவென்று ஏறியது.

கம்பெனி மாப்பிள்ளையுடையது. கையில் வந்த சீட்டை உறவினருடையது என்பதற்காக ஒதுக்குவது ஆய்வு நேர்மை ஆகாது.

மாப்பிள்ளை கலகலப்பான மனிதர். என்னைக் கண்டால் அவர் வாய் சும்மா இருக்காது. அன்றும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கணக்கரிடம் சொன்னார்: "நம்ம மச்சான் பொறந்ததிலிருந்து ஒரு கீல் வித்ததில்ல. ஆனா கீல் கம்பெனி என்ன பெறும்னு ஊரே அவரைத்தான் கேக்குது. காலம் பூரா கீல் விக்கிற என்னை ஒரு நாய் கேக்கல பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த மாதிரிப் பேச்சை நான் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதில் ஒன்றுகூட மறக்கவில்லை என்றாலும்.

கணக்கர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஆர்டர் கூடலையே சார். போன வருஷம் போன அதே கீலுதான் இந்த வருஷமும் போகுது. விலை மட்டும் எதைப் பாத்து ஏறுது? எனக்கென்னவோ இது சரியாப் படல."

"உங்களுக்கு எதுதான் சரியாப் பட்டிருக்கு?" என்றார் மாப்பிள்ளை. பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் கேலி இல்லை. "மச்சான், விளையாட்டு இல்லாம சொல்லுங்க. நெசமாவே நாங்க அவ்வளவு பெறுவோமா? இந்த விலைல என் பங்கை பேங்க்ல அடகு வெச்சா ரெண்டாவது ஷெட் போட்டுடலாம். நீங்க வேண்டாம்னா விட்டுடறேன்."

அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

"சந்தை சொல்றதை நான் எப்படி மறுக்கிறது, மாப்பிள்ளை?" என்றேன்.

பதில் எந்தப் பக்கமும் சாயாமல் இருந்ததைத் தாங்கள் கவனிக்க வேண்டும். கவனிப்பவன் நடுவில் புகுந்தால் ஆய்வு கெட்டுவிடும்.

"அதான் அண்ணாவே சொல்லிட்டாரே, இன்னும் என்ன யோசனை?" என்றாள் தங்கை.

ஆக, ஷெட்டைக் கட்ட வைத்தது விலைதான், வியாபாரம் அல்ல. என் மூன்றாவது அட்டவணை சொல்வதும் இதையே. அடகுப் பணத்தில் அஸ்திவாரம் போட்டார், இயந்திரம் வாங்கினார். போதாததற்குப் புதிய பங்குகள் வெளியிட்டார். முதலாளியே துணிந்து இறங்குகிறார் என்று தொழிலாளிகள் சேமிப்பை எடுத்து வந்து வாங்கினார்கள். பேக்கிங் பிரிவுப் பெண்கள்தான் அதிகம்.

அதன்பிறகு அந்தக் கம்பெனியைப் பற்றி நான் எழுதவில்லை. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத விலை, வந்த வழியே இறங்கியது. வங்கி அடகுப் பங்குகளை விற்கத் தொடங்கியது. அதனால் இன்னும் இறங்கியது.

மாப்பிள்ளை என் கல்லூரி அறைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. "ஒரே ஒரு வரி எழுதுங்க மச்சான். கீல் வியாபாரம் எப்பவும்போல நடக்குது, கம்பெனிக்கு ஒண்ணும் ஆகலன்னு. அது பொய்யில்லையே. பேங்க்காரன் கொஞ்சம் பொறுத்துக்குவான்."

பொய்யில்லைதான். அந்தக் கம்பெனியைப் பற்றி நான் எழுதக்கூடிய ஒரே உண்மை அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எழுதினால் இரண்டாவது தலையீடாகிவிடும். இறங்கும் விலை ஒரு முதலாளியை என்ன செய்யும் என்பதைத் தனியாக அளக்க முடியாது. "உறவுக்காரங்க கம்பெனியைப் பத்தி எழுதுறது முறையில்ல, மாப்பிள்ளை" என்றேன்.

"அதுவும் சரிதான். உங்களை ஏன் வம்புல மாட்டி விடணும்" என்றார். உட்காராத நாற்காலியை ஒழுங்காக மேசைக்கடியில் தள்ளிவிட்டுப் போனார். அன்று என்னைப் பற்றி ஒரு கேலிகூடச் செய்யவில்லை.

கூரை போடாத அந்த ஷெட்டில் காவலாளிதான் காலையில் அவரைப் பார்த்தார். அட்டவணையில் அந்தக் கம்பெனியின் வரிசை அந்த மாதத்தோடு நின்றுவிடுகிறது. நான் அதை நீக்கவில்லை. அழிந்த கம்பெனிகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு முடிவு சொல்வது நம் துறையில் பலர் செய்யும் குற்றம்.

துக்கத்துக்கு வந்த கணக்கர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதைப் பாத்து ஏறுச்சுன்னு இன்னும் பிடிபடல சார்" என்றார். நல்ல கேள்வி என்று அவரிடம் சொன்னேன்.

முழுமைக்காக இன்னொன்று. குலுக்கலில் முதலில் வந்தது விளக்குக் கம்பெனி ஒன்று. அதன் முதலாளி வீட்டு மேசையில் எனக்கு யார் இடம் கொடுப்பார்கள்? திரும்பப் போட்டுக் குலுக்கினேன். அடுத்து வந்ததையும் போட்டுவிட்டேன். கீல் கம்பெனி வந்ததும் நிறுத்தினேன். இதனால் முடிவு மாறாது. அந்த நாற்காலியில் யார் இருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்கும். மாப்பிள்ளையின் கேலிப் பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாங்கள் அதைக் கேட்கவில்லை, இருந்தாலும் குறிப்பிடுகிறேன்.

இந்த விளக்கத்துக்குப் பிறகு தங்கள் ஆட்சேபம் நீங்கியிருக்கும் என்றும், கட்டுரை ஏற்கப்படும் என்றும் நம்புகிறேன். கம்பெனியின் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம். குடும்பத்தார் மனம் புண்படக்கூடாது.

தங்கை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். "முடிஞ்சுதா அண்ணா? தபால் எடுக்கிற நேரமாச்சு. கட்டுரைல நன்றின்னு போடுவீங்களே, அதுல அவர் பேரையும் ஒரு ஓரமா போடுங்க. அவரும் உங்ககிட்ட எவ்வளவோ பேசியிருக்காரே" என்கிறாள். பத்திரிகை விதி இடம் கொடுத்தால் போடலாம் என்றேன்.

இந்தத் தாளையும் அவளிடமே கொடுக்கிறேன். மடித்து, உறைக்குள் வைத்து, ஒட்டி, அவளே தபாலில் சேர்த்துவிடுவாள். ஒரு வரிகூடப் படிக்க மாட்டாள். அவளுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை; அதை நான் ஒருநாளும் கெடுத்ததில்லை.