எழுபத்தெட்டு, ஆறாவது பாட்டு

ஹலோ... ஹலோ, அம்மா, கேக்குதா? ... நான் சிவானுஜாதான்... ஓம் ஓம், மைதானத்திலதான் நிக்கிறன். மேடைக்கு முன்னால, கம்பித் தடுப்போட... சத்தமா? பாட்டுத்தானே அம்மா நடக்குது! பொறுங்க, ஒரு காதப் பொத்துறன்... ம், இப்ப சொல்லுங்க.

... ஓம், அப்பா குளிசை போட்டவர். பக்கத்தில நிண்டு போட வெச்சன். பிரஷரும் பாத்தன்... நூத்தி நாப்பது... ஐயோ அம்மா, பத்து வருசமா நர்ஸ் வேல செய்யிறன், எனக்குத் தெரியாதா?

... சனமா? வாவிக்கரை முழுக்கச் சனம். நரைச்ச தலையெல்லாம் முன்னுக்கு நிக்குது. 'எழுபத்தெட்டு' கசட்ட முழுசாப் பாடுறார் எண்டா வராம இருப்பாங்களா? எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியப் பத்தின பாட்டு எட்டும், கசட்டில இருந்த ஒழுங்கிலயே... அஞ்சு முடிஞ்சுது. கறுப்புச் சேட்டு, தோளில கிட்டார்... அப்பாக்கு எழுவத்திரெண்டு வயசெண்டு ஆரும் சொல்லமாட்டாங்க. நீங்களும் வந்திருக்கலாம்... சரி சரி, விடுங்க.

... இப்ப ஆறாவது. ஓலைக்கூரை பறக்கிற பாட்டு. இஞ்ச, போனத் தூக்கிப் பிடிக்கிறன், கேளுங்க...

கேட்டீங்களா? ... என்ன பிழை? ... இல்லம்மா, வரிய மறந்திருப்பார். நாப்பத்தஞ்சு வருசத்துக்கு முந்தின பாட்டுத்தானே... நாக்குக் கொளறினதா? எனக்கு அப்பிடிக் கேக்கல்லயே... பொறுங்க.

... பொறுங்க அம்மா.

... பாடாம நிக்கிறார். ... தெரியா. ட்ரம்ஸ் போகுது. யோகராசா மாமா வாசிச்சுக்கொண்டே திரும்பித் திரும்பி அப்பாவப் பாக்கிறார். சனம் தானாப் பாடுது. வேணுமெண்டுதான் தங்களப் பாட விட்டிருக்கார் எண்டு நினைக்குது... சிரிக்கிறார். ஓம்... அம்மா, வாய் ஒரு பக்கந்தான் சிரிக்குது.

... இல்ல இல்ல, அழாதீங்க, லைட்டுக்கு அப்பிடித் தெரியிறதாயும் இருக்கலாம்... இந்தா, என்னப் பாக்கிறார். அப்பா! கை! ரெண்டு கையும் தூக்குங்க! ரெண்டும்! ... பாரிசவாதம் எண்டா ஒரு கை எழும்பாதம்மா, அதுதான் பாக்கிறன்...

ஐயோ கடவுளே.

... சனம் அம்மா! சனமெல்லாம் கையத் தூக்குது! நான் காட்டினத ஆட்டம் எண்டு நினைச்சு... எங்க பாத்தாலும் கை... எனக்கு அப்பாவத் தெரியல்ல! ... அண்ண, வழி விடுங்க! கையக் கீழ போடுங்க! நான் அவர்ட மகள்! ... விடுங்க எண்டு சொல்றன்!

... மேடையில ஏறிட்டன். ... வலது கை மட்டுந்தான் மேல. இடது தொங்குது. ... அம்மா, நான் என்ன செய்ய? எத்தின பேர நான் தூக்கிப் படுக்க வெச்சிருப்பன்... நிப்பாட்டினா மறுகா மன்னிப்பாரா? இந்த ஒரு நாளுக்காக எத்தின மாசம் பாடிப் பழகினவர்... ஓம். ... ஓம். சரி, நிப்பாட்டுறன்.

மாமா, நிப்பாட்டுங்க! ட்ரம்ஸையும்!

... கூவுறாங்க. கூவட்டும்... அப்பா, இஞ்ச வாங்க, என்னில சாஞ்சு நில்லுங்க... அம்மா... அவராவே மைக்க என்ட கையில தந்திட்டார். இப்ப என்ட தோளப் புடிச்சுக்கொண்டு நிக்கிறார்... உயிர் இருக்கு! என்ன கேள்வி இது! ... சனம் அமந்திட்டு. ஓம், வழி விடுறாங்க...

... ஏத்தியாச்சு. சவுண்ட் போட்ட ஷிஹான்ட வேன், பொக்ஸெல்லாம் புல்லில எறிஞ்சிட்டு எங்கள ஏத்தினவர். கல்லடிப் பாலத்தில போறம்... தண்ணியா? வேணாம், புரைக்கேறும்... காதில வெக்கிறன், அவரோட கதையுங்க...

... விளங்கினதா? ... ஓம், உங்கட பேரத்தான். 'வசந்தா' எண்டு சொல்லப் பாத்தவர்... ஷிஹான், ஹோர்ன அடிங்க, கெதியாப் போங்க!

... ஆஸ்பத்திரிக்கு வந்திட்டம். போன வெக்காதீங்க... டொக்டர், என்ட அப்பா, கனகசூரியம்... இடப்பக்கம்... எப்ப தொடங்கினதா? ... பாடிக்கொண்டு இருக்கக்க... மணி... ஐயோ, நான் மணி பாக்கல்லயே! ... அம்மா, ரத்தக்கட்டி கரைக்கிற ஊசிக்கு நேரம் தெரியணும். எந்த நாளும் மத்தாக்களிட்ட நான் கேக்கிற கேள்விதான், நானே பாக்காம...

என்ன? ... மணிக்கூட்டப் பாத்துக்கொண்டா இருந்தீங்க? ... எந்நேரமும்? ... ஆறு நாப்பத்திரெண்டு? அவர் கொளறக்க? நல்லா நினைவிருக்கா? ... டொக்டர், ஆறு நாப்பத்திரெண்டு! அம்மா போனில கேட்டவ!

...

ஊசி போட நேரம் இருக்காம், அம்மா. ... ஓம், இருக்காம். முதல்ல தலைய ஸ்கேன் பண்ணப் போறாங்க. ரத்தம் கசியல்ல எண்டா உடனே ஊசி... சுகமாகுமா எண்டு என்னட்டக் கேக்காதீங்க, எனக்குத் தெரியா. ... பயமாத்தான் இருக்கு. நல்லாப் பயமா இருக்கு. ... ஆட்டோ புடிச்சு வாங்க. ஆஸ்பத்திரி கேட்டடியில ஷிஹான் நிப்பார்.

... இல்ல, கண்டுபிடிச்சது நான் இல்லம்மா. நீங்கதான். நீங்க 'கொளறுது' எண்டு சொல்லாட்டி, நானும் சனத்தோட நிண்டு கைதட்டிக்கொண்டுதான் இருந்திருப்பன்.

... ஓம், கூப்பிடுறாங்க. வெக்கிறன்.