ஒரு பத்தி அகலம், இரண்டு அங்குல உயரம்

டீயில் சர்க்கரை வேண்டாம் ஐயா. உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பு, போன வருஷமே சர்க்கரை வந்துவிட்டது. நீங்கள் கேட்டதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தப்பினால் எனக்கே பிடிக்காது.

எங்களுடையது மாலைப் பத்திரிகை. பதினொன்றரை மணிக்குப் பக்கங்கள் அச்சுக்குப் போய்விட வேண்டும். நாலாம் பக்கத்துக்கு இருபத்தேழு வருஷமாக நான்தான் பொறுப்பு. ஆறாம் பக்கத்தின் அடியில் 'தவறுக்கு வருந்துகிறோம்' என்று ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் வருகிற ஒவ்வொரு பிழையும் யாருடையது என்று ஆசிரியர் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். ஆண்டுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிப்பார். விளையாட்டுப் பக்கத்துக்காரருக்கு ஒரே வருஷத்தில் பதினொன்று. என் பெயருக்கு எதிரே ஒன்றுகூடக் கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைதான்.

அந்தத் திங்கட்கிழமை பதினொன்றே காலுக்கு ஒரு செய்தி வந்தது. குழந்தைகளைக் கடத்தும் ஆசாமி ஒருவன் ஊருக்குள் நடமாடுகிறான், போலீஸ் தேடுகிறது. படம் இல்லை. பக்கத்தில் ஒரு பத்தி அகலம், இரண்டு அங்குல உயரம் காலியாகக் கிடந்தது. பழைய படங்களை நாங்கள் ஆள் பெயரில் வைப்பதில்லை, விஷயவாரியாகப் பழுப்பு உறைகளில் போட்டு வைப்போம். அது நான் கொண்டுவந்த ஏற்பாடு. 'குழந்தை: காணாமல் போனது, கடத்தல்' என்று ஓர் உறை இருந்தது. அதில் மேலாகக் கிடந்த படத்தில் ஒருவர் ஒரு சிறுமியைத் தூக்கி வைத்திருந்தார். முகம் மட்டும் போதும் என்று சிறுமி இருந்த பகுதியை வெட்டி நீக்கினேன்.

"யாருண்ணே இந்த ஆளு? பாத்தா பாவமா இருக்கானே" என்றான் பக்கம் கட்டுகிறவன்.

"மூஞ்சியில எழுதி ஒட்டிக்கிட்டா வருவான்? போடுப்பா, மணியாச்சு" என்றேன். சிரித்துக்கொண்டே போட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை அந்த முகம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றது. தையல்காரர். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. பதற்றத்தில் கழற்ற மறந்திருப்பார்.

"சார், நான் யாரையும் கடத்தல சார். பஸ் ஸ்டாண்டுல அழுதுக்கிட்டு நின்ன பிள்ளையத் தூக்கிட்டுப் போய் ஸ்டேஷன்ல விட்டேன். நீங்கதானே சார் அப்ப படம் போட்டீங்க?"

கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த தாளைக் கழற்றி எடுத்து வந்திருந்தார். எங்கள் பத்திரிகை, நாலாம் பக்கம், இரண்டு வருஷத்துக்கு முந்தையது. 'வழி தவறிய சிறுமியை மீட்ட தையல்காரர்.' நான் எழுதிய வாசகம்தான். என் நடை எனக்குத் தெரியாதா?

"விட்டுட்டுப் போங்க, சரிபார்க்கணும்" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். தாளை இழுப்பறையில் வைத்தேன்.

நான்கு வரித் திருத்தம் போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் ஆசிரியரின் நோட்டில் என் பெயருக்கு எதிரே ஒன்று விழும். நான் ஓய்வு பெற ஏழு மாதம்தான் இருந்தது. நாலு நாளில் ஊர் மறந்துவிடும் என்று நினைத்தேன். ஊர் எதையும் மறக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

புதன்கிழமை வந்து, கடைக்கு யாரும் வரவில்லை என்றார். வியாழக்கிழமை, ராத்திரி வீட்டின்மேல் கல் விழுந்தது என்றார். அன்றைக்குத் திருத்தக் கட்டம் காலியாக இருந்தது. "ஏதாச்சும் இருந்தா குடுங்கண்ணே, ஓட்டையாத் தெரியுது" என்றார் ஆறாம் பக்கத்துக்காரர். முதல் நாள் குறுக்கெழுத்தில் ஒரு கறுப்புக் கட்டம் இடம் மாறியிருந்ததை எழுதிக்கொடுத்தேன். அது வேறொருவர் பிழை.

வெள்ளிக்கிழமை அவர் குரல் இறங்கியிருந்தது. "திருத்தம் போடாட்டியும் பரவால்ல சார். அந்தப் பேப்பரையாவது குடுங்க. கேக்கிறவங்ககிட்ட காட்டிக்கிறேன்."

ஆசிரியரிடம் இருக்கிறது என்றேன். என் முழங்காலுக்கு நேரே இழுப்பறையில் இருந்தது. அது வெளியே போனால் யாராவது ஆசிரியரிடம் கொண்டுவந்து காட்டிவிடுவார்களே. பயமாக இருந்தது, ஒளிப்பானேன்? அவர்மேல் எரிச்சலும் வந்தது. இப்படியா ஒரு மனுஷன் தினமும் வந்து நிற்பது?

சனிக்கிழமை அவர் உள்ளே வரவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பின்வாசல் வழியாகச் சாப்பிடப் போனேன்.

அடுத்த திங்கள் காலை மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பிள்ளை எதற்கோ அடம்பிடித்து அழுதிருக்கிறது. தெருவில் யாரோ முகத்தை அடையாளம் கண்டிருக்கிறார்கள். பத்தரை மணிக்கு நிருபர் போனில் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். அடித்தவர்கள் முப்பது பேர் இருக்கும் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது என்றார். 'அப்பா, அப்பா என்று அந்தச் சிறுமி கடைசிவரை கத்திக்கொண்டிருந்தாள்' என்று ஒரு வரியும் சொன்னார். இடம் போதவில்லை, அந்த வரியை எடுத்துவிட்டேன்.

உண்மையில் இடம் இருந்தது. அந்த வரியைப் போட்டால் அவர் யார் என்று ஊரே கேட்கும். 'தேடப்பட்டவர் அடித்துக் கொலை' என்று தலைப்புக் கொடுத்தேன். அதே படம்தான். இந்த முறை படமும் ஆளும் பொருந்தின.

அந்தத் தாளை ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்டீர்கள். பத்திரிகையைக் கிழிக்கிற பழக்கம் எனக்கில்லை. அதனால்தானே உங்கள் ஆட்கள் நேற்று அதை என் இழுப்பறையிலிருந்து எடுத்தார்கள்.

வாக்குமூலத்தை எழுதி முடித்துவிட்டீர்களா? கொடுங்கள், வாசித்துவிடுகிறேன். நான்தான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. தெரிந்தே செய்தேன் என்பதும் சரி. ஆனால் இரண்டாம் பக்கத்தில், அவர் என்னைத் தேடி நான்கு நாள் வந்ததாக இருக்கிறது. உள்ளே வருகிறவர்கள் பெயர் எழுதும் எங்கள் வாசல் பதிவேட்டைப் பார்த்து எழுதியிருப்பீர்கள். பெஞ்சில் உட்கார்ந்த சனிக்கிழமை அதில் இருக்காது. ஐந்து நாள் என்று திருத்திக்கொடுங்கள் ஐயா. பிழையுள்ள தாளில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.