பன்னிக்குப் போட்ட பாட்டு

அப்ப உன் சட்டையில இருக்கறது பேய்ப்படம் இல்ல, பாட்டு ஆல்பத்து அட்டைன்ற. சரி சரி, கோச்சிக்காத தம்பி. கொஞ்சம் அப்டி நவுந்து ஒக்காரு. கரியாலூர் வரைக்கும் இந்த பஸ்சு இப்டித்தான் குலுக்கிக்கினே போவும். நான் மலை ஏறல, அடிவாரத்துலயே எறங்கிடுவன். அங்கதான் மரவள்ளி போட்டிருக்கன்.

ஹெவி மெட்டலா? தெரியுமே. ஏன் சிரிக்கற, வேட்டி கட்டனவன் கேக்கக் கூடாதா? எங்கிட்ட மூணு ஆல்பம் இருக்குது. இங்கிலீசு பேரு வாய்ல நுழையல, நானா பேரு வெச்சிக்கினன். மொத ஆல்பம் டிராக்டர். பழைய டிராக்டர ஸ்டார்ட் பண்றாப்ல ஆரம்பிக்கும். அதுல ட்ரம்மு அடிக்கறவன் நல்ல ஒழைப்பாளி, ஒரு எடத்துல கூட மூச்சு வாங்கல. ரெண்டாவது பல்லுவலி. கடவாப்பல்லு புடுங்கறாப்ல அப்டி ஒரு கத்து. மூணாவது மழ ஆல்பம். மழ சத்தத்துல ஆரம்பிச்சி கிட்டாரு மெதுவா வரும். அதான் ஒசத்தி. கடைசிப் பாட்டு மட்டும் நான் இன்னும் கேக்கல.

இன்னா, உனுக்கும் அதான் புடிக்குமா? தெரியும்.

எனுக்கு எப்டி கெடச்சிதுன்னா, எல்லாம் பன்னியாலதான். பொழுது சாஞ்சா மலையிலேருந்து காட்டுப்பன்னி எறங்கி கெழங்க தோண்டிடுது. பட்டாசு போட்டா நின்னு வேடிக்க பாக்குது. அதுக்குன்னே பென்டிரைவ் சொருவுற மைக்குசெட்டு ஒண்ணு வாங்கனன். எம்பொண்ணு பையில ஒரு பென்டிரைவ் கெடந்துது. சினிமாப் பாட்டா இருக்கும்னு கேக்காம கொள்ளாம எடுத்தாந்து சொருவிட்டன். டிராக்டர் ஆரம்பிச்சிது பாரு, பன்னி ஓடிச்சி, பக்கத்துக் காட்டு பச்சமுத்து ஓடனான், என் மாடு கயித்த அறுத்துக்கினு ஓடிச்சி. பல்லுவலி வரைக்கும் கூட பன்னி பயந்துது. மழ ஆல்பத்துக்கு மட்டும் போவவே இல்ல, நின்னு கேக்குதுன்றான் பச்சமுத்து. நானுந்தான் நின்னன்.

எங்க எழுந்திரிக்கற? டிக்கெட்டு கரியாலூருக்குத்தான எடுத்த. ஒக்காரு. வேர்க்குது பாரு, ஜன்னல தொற.

வெறும் பாட்டுன்னா பரவால்ல தம்பி. ஒவ்வொரு ஆல்பத்துக்கு முன்னாடியும் ஒரு பையன் பேசறான். இத மொதல்ல கேளு, பயந்துடாதங்கறான். பாடறவன் கத்தறது கோவத்துல இல்ல, அழுவத் தெரியாம கத்தறாங்கறான். அடிவாரம் பூரா கேட்டுது. நான் வூட்டுக்குப் போயி யாருடி இதுன்னா, எம்பொண்ணு அடுப்படிக்குள்ள பூந்துக்கினா. வர்ற வெள்ளிக்கிழம சேலத்துலேருந்து அவள பொண்ணு பாக்க வராங்க. அவளுக்கு இஷ்டமில்ல, சோறு எறங்கல. இருந்தும் பேர சொல்லமாட்டன்றா. நான் போயி அவன் வூட்ல சண்ட போடுவன்னு பயம்.

போட்டிருப்பன். பொய் சொல்லல. மொத நாளு அவ்ளோ ஆத்திரம்.

எங்க பக்கம் மாப்ள விசாரிக்கறதுன்னா டீக்கடையில ஒக்காந்து கேப்பாங்க. நெலம் எவ்ளோ, குடிப்பானா, இன்னா ஆளுங்கன்னு. இவன நான் எங்கன்னு போயி விசாரிக்க? அதனால பன்னி வெரட்டற சாக்குல தெனமும் அவன் பேசறதயே கேட்டன். கேக்க கேக்க ஆத்திரம் கம்மியாயிடுச்சி. பெரிய இவனாட்டம் பேசறான், ஆனா எம்பொண்ண மதிச்சிப் பேசறான்.

இன்னிக்கி கள்ளக்குறிச்சியில ஏறனப்ப உன்ன நான் கண்டுக்கவே இல்ல தம்பி. கரியாலூர் ஒண்ணுன்னு கண்டக்டர்ட்ட டிக்கெட்டு கேட்ட பாரு, அந்தக் கொரலக் கேட்டுத்தான் பின்னாடி சீட்லேருந்து எழுந்து வந்தன்.

தலையக் குனியாத. கடைசிப் பாட்டுக்கு முன்னாடி இன்னா சொன்ன? கோகிலா, இத மட்டும் தனியா கேக்காத, நான் பக்கத்துல இருக்கறப்ப கேளுன்ன இல்ல? தெனமும் அந்த எடத்துல மைக்க நிறுத்திடறன். நானும் கேக்கல, பன்னியும் கேக்கல. அவளும் இன்னும் கேக்கலியாம்.

அதோ அடிவாரம் வந்துடுச்சி. அவ வூட்லதான் இருக்கா. எறங்கறியா, மலைக்குப் போறியா?