மார்விக்கும் ஸ்ரெல்மனும் ஒன்றல்ல

நூறு கம்பனிகள் செய்த நூறு 'நைன்ரீன் லெவன்' கைத்துப்பாக்கிகளை மேசையில் அடுக்கிவிட்டு என் கண்ணைத் துணியால் கட்டுங்கள். ஒன்றையும் தொடமாட்டேன். மணத்தை வைத்தே எது யார் செய்தது என்று சொல்லிவிடுவேன். ஒரு தேத்தண்ணியும் தந்தால், எந்த வருடம் செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

நம்பமாட்டீர்கள். பரவாயில்லை, அதிகாரி அவர்களே. பத்மநாதனும் நம்பவில்லை.

உங்கள் பொலிஸ் அறிக்கையின் தமிழ்ப் பிரதி வெள்ளிக்கிழமை தபாலில் வந்தது. 'வயதான தொண்டர் ஒருவர் துப்பாக்கித் தெரிவில் விட்ட தவறு' என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மோர்டனில் ரெயின் ஏறி மறு அந்தம் வரை போனேன். இறங்காமலே திரும்பி வந்தேன். அடுத்த நாளும் அப்படியே. இதை எழுத மூன்று தரம் உட்கார்ந்து மூன்று தரம் எழும்பிவிட்டேன். "என்னப்பா, கதிரையில நெருப்போ?" என்று மனைவி பியற்றிஸ் கேட்டாள். நெருப்பில்லை. 'தவறு' என்ற அந்த ஒரு சொல்தான்.

என் பெயர் செபமாலைமுத்து. வயது எழுபத்திரண்டு. நாடகங்களுக்கும் படங்களுக்கும் ஆயுதம் வாடகைக்குக் கொடுக்கும் ஓர் இடத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் லண்டன் மேடைகளில் செத்தவர்களில் பாதிப்பேர் நான் துடைத்துக் கொடுத்த துப்பாக்கியால்தான் செத்தார்கள். திரை விழுந்ததும் எழும்பி, எனக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இருபத்தாறு வருடத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. தவறு என்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நைன்ரீன் லெவன் என்பது அமெரிக்கப் பட்டாளத்தின் பழைய துப்பாக்கி. நூறு வருடம் தாண்டிவிட்டது. யாரும் செய்யலாம் என்றாகிவிட்டதால் ஊர்ப்பட்ட கம்பனிகள் செய்கின்றன. மேடைக்கென்று வெறும் வெடி வெடிக்கிற மாதிரிகளையும் செய்கின்றன. புட்டு மாதிரித்தான். மா ஒன்று, தேங்காய்ப்பூ ஒன்று, ஆனால் கைக்குக் கை வேறு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டை எடுத்து, இது யாருடைய கை என்று சொல்லத் தெரிந்தவன்தான் தொழில்காரன்.

பத்மநாதனுக்கும் எனக்கும் முப்பத்தெட்டு வருடப் பழக்கம். நான் லண்டனுக்கு வந்த முதல் குளிரில் தன் கோட்டைக் கழற்றி எனக்குத் தந்துவிட்டு, வெறும் சுவெற்றரோடு வேலைக்குப் போனவன் அவன். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த முப்பத்தெட்டு வருடத்தில் நான் சொன்ன எதையும் அவன் நம்பியதில்லை. பனி கொட்டிய ஒரு நாள் விம்பிள்டனில் நின்றுபோன ட்ராமை நான் தனியாகக் குறோய்டன் வரை தள்ளிக்கொண்டு போனேன் என்றேன். நம்பவில்லை. சரி, குறோய்டன் வரை என்பது நான் கொஞ்சம் கூட்டியது. ஆனால் தள்ளினேன்.

எங்கள் சங்கத்து வாணி விழாவுக்குச் சென்ற வருடம் ஒரு துப்பறியும் நாடகம் போடுவதென்று முடிவானது. பத்மநாதன்தான் கதாநாயகன். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் மனம் உடைந்து துப்பாக்கியைத் தன் தலைக்கு நேரே கொண்டுபோவார். தம்பி பாய்ந்து கையைத் தட்டிவிட, வெடி காதோரமாகப் போகும். தம்பியாக நடித்தவன் சுபாஸ்கரன். துப்பாக்கி தெரிவுசெய்யும் பொறுப்பு என்னுடையது.

பத்மநாதன் வீட்டில் கூட்டம். நான் இரண்டு கம்பனிகளின் பெயரைச் சொன்னேன்.

"மார்விக் எண்டால் புகையும் நெருப்பும் மேல் ஓட்டையால போகும். ஸ்ரெல்மன் எண்டால் முன்வாயால பாயும். சத்தமும் இரண்டு மடங்கு. அது தூரத்துக் காட்சிக்குத்தான். எங்களுக்கு மார்விக்."

"டேய் செபமாலை, இரண்டும் ஒரே சாமான். பேர்தான் வேறை," என்றான் பத்மநாதன். "கறுப்பா இருந்தால் காணும்."

"இரண்டும் ஒண்டில்லை."

"கண்ணைக் கட்டிப்போட்டு மணந்து பார்த்துச் சொல்லுவியாமே? எங்கை, தவம், அந்த உள்ளியையும் வெங்காயத்தையும் கொண்டா. முதல்ல அதைப் பிடிக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். சுபாஸ்கரனுக்குத் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது. பத்மநாதனின் மனைவி தவநாயகி உண்மையாகவே உள்ளியைக் கொண்டுவந்துவிட்டாள். நானும் சிரித்தேன். எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தது நான்தான். இதைத் தயவுசெய்து பதிவுசெய்துகொள்ளுங்கள். எனக்குக் கோபம் இல்லை. ஒரு மனிதன் ஒரு விடயத்தை அறியாமல் இருக்கிறான், அறிந்தவன் அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய இடத்தில் சொல்லி இரண்டையும் வாடகைக்கு எடுத்தேன். ஸ்ரெல்மனில் 'தூரக் காட்சிக்கு மட்டும்' என்று ஒரு சிவப்பு அட்டை கட்டியே தந்தார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. பதினொரு ஒத்திகையும் மார்விக்கோடுதான் நடந்தன. அது ஒரு சாதுவான சாமான். பட்டென்று ஒரு சத்தம், மேலே கொஞ்சம் புகை. பத்மநாதனுக்கு நல்லாய்ப் பழகிவிட்டது.

இனி வாணி விழாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நவராத்திரியின் ஒன்பதாம் நாள் மாலை அவரவர் தொழிலுக்கும் கல்விக்கும் உரிய சாமான்களைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். பத்தாம் நாள் பூசை முடியும் வரை ஒருவரும் அவற்றில் கை வைப்பதில்லை. நான் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், ஆனால் முப்பத்தெட்டு வருடம் பார்த்தவன். மிருதங்கம், வயலின், பிள்ளைகளின் கொப்பிகள், ஒரு டொக்ரரின் ஸ்ரெதஸ்கோப், யாரோ ஒருவரின் லப்ரொப். துப்பாக்கியையும் வைக்க வேண்டும் என்றது பத்மநாதன்தான். "நாடகக்காரனுக்கு அதுதானே ஆயுதம்," என்றான்.

நான் ஸ்ரெல்மனைக் கொண்டுபோய் வைத்தேன். சிவப்பு அட்டையை நகவெட்டியால் வெட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். தவநாயகி சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது, "தங்கச்சி, இந்தப் பக்கத்தில எழுத்து வெட்டியிருக்கிற இடத்தில வையுங்கோ, வடிவா இருக்கும்," என்றேன். வேதக்காரன் இவ்வளவு அக்கறையாக இருக்கிறானே என்று அவளுக்குப் பெரிய சந்தோசம். கம்பனியின் பெயர் மறையும்படி சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தாள். ஹோலில் கற்பூரம் கொளுத்தினால் அலாரம் அடிக்கும் என்பதால் பற்றரி விளக்கைக் காட்டினார்கள்.

பத்தாம் நாள் பூசை முடிந்து, பத்மநாதன் விழுந்து கும்பிட்டுத் துப்பாக்கியைத் தன் கையாலேயே எடுத்து வந்து தந்தான். நான் அதற்குள் வெறும் வெடியைப் போட்டேன். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு: சுடப்போகிறவருக்கு ஒவ்வொரு தரமும் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். அந்த முறையை நான் மீறவில்லை.

"ஒருக்கால் பாக்கிறியோ?" என்று கேட்டேன்.

"சாமிக்கு வைச்சதைத் துடைச்சுப் பாக்கிறதோ? சந்தனம் அழிஞ்சுபோம். விடடா."

நான் கேட்டேன், அவன் வேண்டாம் என்றான். இதையும் பதிவுசெய்யுங்கள்.

காட்சி வந்தது. துப்பாக்கி தலைக்கு நேரே போனது. சுபாஸ்கரன் பாய்ந்து கையைத் தட்டினான். அந்தச் சத்தத்துக்குத் தேம்ஸ் ஆற்றுக்கு அங்காலே ஹரோவில் படுத்திருந்த நாய்களும் எழும்பியிருக்கும். பத்மநாதன் தலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக முழங்காலில் இருந்தான். அப்படி ஒரு நடிப்பைச் சனம் கண்டதில்லை. ஹோல் அதிரக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வலது காதில் கேள்வி முழுதாகப் போய்விட்டது. இடது காதில் கால்வாசி மிச்சம். வலது கன்னத்தில் உள்ளங்கையளவு தோல் கருகியது. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் தேவாரம் பாடுகிறவன் அவன். இப்போதும் பாடுகிறான், சுருதி எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரிவதில்லை. "ஐயா, கொஞ்ச நாள் ஆறுங்கோ," என்று கோயிலில் பக்குவமாகச் சொல்லியிருக்கிறார்கள். சுபாஸ்கரன், தான் அரைச் செக்கன் பிந்திவிட்டதால்தான் இப்படி ஆனது என்று இன்னும் அழுகிறான். அவனைத் திருத்தும் சந்தர்ப்பம் எனக்கு அமையவில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் எதிர்பார்த்தது ஒரு சின்ன வெருட்டல். கன்னத்தில் ஒரு சுள்ளென்ற சூடு. 'ஓமடா செபமாலை, இரண்டும் ஒண்டில்லைத்தான்' என்று அவன் வாயால் ஒரு சொல். இவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் சனிக்கிழமை பொலிஸ் ஸ்ரேசனில் வாயால் சொன்னபோது நீங்கள் பேனையை மூடி வைத்துவிட்டீர்கள். நான் கூட்டிச் சொல்கிற ஆள் என்று சங்கத்தில் எல்லோரும் சொன்னார்களாம். 'செபமாலை அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை' என்று பத்மநாதனே எழுதித் தந்திருக்கிறானாம். அதனால் நேற்றுப் பகல் அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தான். தவநாயகி குசினி வாசலில் நின்றாள். சிவப்பு அட்டையிலிருந்து சந்தனம் வரை ஒன்றும் விடாமல், காதுக்குள் குனிந்து உரத்துச் சொன்னேன். வாசலில் ஏதோ விழுந்து உடைந்தது.

"வயசு போட்டுது உனக்கு," என்றான் பத்மநாதன். "மாறி எடுத்துப்போட்டாய். அந்த வெக்கத்தில இப்ப கதை கட்டுறாய். போய்ப் படு."

"மாறி எடுக்கேல்லை."

"செபமாலை, நான் உன்னை ஒண்டும் கேக்கேல்லையே. பிழையா எடுத்திட்டன் எண்டு சொல்லு. அதோட விட்டிடுவம்."

"நான் பிழையா எடுக்கிற ஆள் இல்லை."

அவன் எனக்குச் சொல்வது போலில்லாமல், தனக்கே சொல்வது போலச் சொன்னான்.

"சுட முதல் நான் பக்கத்துத் திரைப் பக்கம் பார்த்தனான். நீ அங்கை நிண்டனீ. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிண்டனீ. பதினொரு ஒத்திகையில ஒருக்காலும் நீ காதைப் பொத்தேல்லை." மூச்சு வாங்கினான். "நான்தான் பிழையாப் பார்த்திட்டன் எண்டு இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தனான்."

காதைப் பொத்தியது எனக்கு ஞாபகமில்லை, அதிகாரி அவர்களே. தொழில்காரனின் கை தானாகப் போயிருக்கும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது, இந்த நான்கு நாளாக என் காலில் ஓடிக்கொண்டிருந்த அந்தரம் நின்றது. எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது. என்றாலும், 'கேக்கேல்லை, அப்ப என்ன முடிவு, வாயால சொல்லு' என்று அவன் இடது காதில் கேட்டேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ஓம்," என்றான். "தெரிஞ்சுதான் எடுத்தனீ."