சிவப்புக்குப் பதில் மஞ்சள்

வாசலில் உட்கார்ந்திருந்த காவலருக்கு என்னைப் பார்த்து முகம் மலரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அதைக் கவனிப்பது என் தொழிற்பழக்கம். அரை நாள் பயிற்சி கொடுத்தால் மாறிவிடுவார். அது உங்கள் பாடு.

பக்கத்து அறையில் உட்காரவைத்திருக்கிறீர்களே, அந்தப் பெண் என் மனைவியின் தங்கை. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். 'ஊழியர் அவசர உதவி கோரத் தவறினார்' என்று எங்கள் நிறுவனம் உங்களுக்கு ஓர் அறிக்கை கொடுத்திருக்கிறது. அதை எழுதியது நான். பத்தி பிரித்து, எழுத்துப் பிழை இல்லாமல், அழகாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் அவள் தவறவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் லிஃப்ட் பராமரிப்பவர்கள். ஏதாவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே இருப்பவர் மணிப் பொத்தானை அழுத்தினால், அது எங்கள் அழைப்பு அறையில் வந்து ஒலிக்கும். நாற்பது பெண்கள், நாற்பது மேசைகள். பேசித் தைரியம் சொல்லி, மெக்கானிக்கை அனுப்பி, ஆளை வெளியே எடுப்போம். ஐந்து வருடத்துக்கு முன்புவரை அவ்வளவுதான் தொழில். மெக்கானிக்குகள் எண்ணெய்க் கையோடு டீ குடிப்பார்கள், மாட்டிக்கொண்டவர்கள் திட்டுவார்கள், நாங்களும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வோம். நான் அப்போது விடுப்புக் கடிதங்களைக் கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு முதலாளி ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். போனபோது முதலாளி, திரும்பி வந்தபோது அண்ணன்.

"இனிமே யாரும் என்ன சார்னு கூப்பிடக் கூடாது. நாம ஒரு குடும்பம். அண்ணன்னு கூப்பிடுங்க" என்றார் கூட்டத்தில். பிறகு என் பக்கம் குனிந்து, "கூப்பிடாதவங்க பேர எழுதி வை" என்றார்.

நாம் பழுது பார்க்கவில்லை, நிம்மதி தருகிறோம் என்று அவர் சொன்னார். நிறுவனத்தின் பெயர் பலகையில் இல்லை, ஒவ்வொரு ஊழியரின் முகத்திலும் இருக்கிறது என்றும் சொன்னார். அதை நான் பலகையில் எழுதி மாட்டினேன். ஒரே வாரத்தில் பண்பாட்டுத் தலைவர் ஆனேன். அப்படி ஒரு பதவி இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. ஆனால் உட்கார்ந்த பிறகு நாற்காலி பொருந்திவிட்டது.

உழைத்தேன் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். 'மாட்டிக்கொண்டீர்கள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'பயணத்தின் நடுவே சற்று இளைப்பாறுகிறீர்கள்' என்று வைத்தேன். மெக்கானிக்குகளின் காக்கிச் சட்டையை மாற்றி வான நீலம் கொடுத்தேன். பை வைத்தால் சட்டை தொங்கிப்போய் அழகு கெடுகிறது என்று பைகளை எடுக்கச் சொன்னேன். திங்கட்கிழமைதோறும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து மனம் திறந்து பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். ஒவ்வொருவரும் மனதிலிருந்து எதையாவது எடுத்துப் போட்டதும் மற்றவர்கள் கைதட்ட வேண்டும்.

ஸ்பானர் மாமா என்று நாங்கள் கூப்பிடும் மூத்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். இருபத்தெட்டு வருட அனுபவம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்.

"அப்போ பாதி வழில தொங்கறவன் இளைப்பாறறானா?" என்று கேட்டார். "நீங்க ஒரு தடவ உள்ள போய் இளைப்பாறிப் பாருங்க தம்பி. வெளிய நான் டீ குடிச்சிட்டு வரேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருப்பது எங்கள் பண்பாடு அல்ல.

திங்கள் வட்டத்தில் அவர் முறை வந்தபோது, "எனக்கு நெஞ்சுக்குள்ள ரெண்டு ஸ்பிரிங் வச்சிருக்காங்க. அதத் திறந்து காட்ட முடியாது, மன்னிச்சிடுங்க" என்றார். அதற்கும் கைதட்டினோம். ஆகவே அவருக்கு இதய நோய் இருந்தது எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

இப்போது அட்டைக்கு வருகிறேன். அழைப்பு அறையில் ஒவ்வொரு மேசையிலும் முன்பு ஒரு சிவப்பு அட்டை இருக்கும். லிஃப்டுக்குள் இருப்பவர் உயிருக்கு ஆபத்து என்றால் அந்தப் பெண் அதை உயர்த்த வேண்டும். பேச்சை விட்டுவிட்டு எழக் கூடாது. கண்ணாடி அறையில் இருக்கும் மேற்பார்வையாளர் அட்டையைப் பார்த்துத் தன் மேசையில் உள்ள பொத்தானை அழுத்துவார். ஆம்புலன்ஸும் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கும் உடனே கிளம்புவார்கள். அந்த மேற்பார்வையாளர் வேலையையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சிவப்பு எங்கள் நிறம் இல்லை. எங்கள் நிறங்கள் வான நீலமும் இளமஞ்சளும். எனவே அட்டையை மஞ்சளாக்கினேன். அடுத்த மாதம் இன்னொரு யோசனை வந்தது. யாராவது நம் பெண்களைப் பாராட்டினால் அவர்கள் அட்டையை உயர்த்தட்டும், அறையே கைதட்டட்டும் என்றேன். அதற்குத் தனி அட்டை அடிக்கலாம் என்றார்கள். மேசைக்கு இரண்டு அட்டை இருந்தால் கண்ணுக்கு உறுத்தும் என்று விட்டுவிட்டேன்.

ஸ்பானர் மாமா அன்றைக்கே என் அறைக்கு வந்தார்.

"ஒருத்தர் சாகக் கிடந்தாலும் இந்த அட்டையத் தூக்கணும். ஒருத்தர் பாராட்டினாலும் இதே அட்டையத் தூக்கணும். பாக்கறவனுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"முகத்தப் பாத்தா தெரிஞ்சிடும் மாமா."

"எந்த முகத்துல? எப்பவும் சிரிச்ச மூஞ்சியா இருக்கணும்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க."

வெளியே நின்றிருந்த பெண்கள் இருவர் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள். அவருடைய கோப்பில் 'ஒத்துப்போவதில்லை' என்று குறித்துவைத்தேன். அதற்குப் பிறகு எட்டு மாதத்தில் இரண்டு முறை உண்மையான ஆபத்துக்கு மஞ்சள் அட்டை உயர்ந்தது. இரண்டு முறையும் கை நடுங்குவதை வைத்து நான் கண்டுபிடித்துவிட்டேன். ஆகவே எனக்கு அடையாளம் தெரியாது என்றும் நான் சொல்ல முடியாது.

அன்றைக்கு விருதுக் குழு வருகிற நாள். வேலை செய்வதற்குச் சிறந்த நிறுவனம் எது என்று தேர்ந்தெடுக்கும் மூன்று பேர். அண்ணன் நான்கு நாளாகத் தூங்கவில்லை. கூடத்தில் நின்று பூங்கொத்து கொடுக்க உயரமான ஆட்கள் வேண்டும் என்றார். ஸ்பானர் மாமாவோடு எப்போதும் ஜோடியாகப் போகும் மெக்கானிக் உயரமானவர். அவரைப் பூங்கொத்துக்கு நிறுத்திவிட்டு, ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் மாதச் சோதனைக்கு மாமாவைத் தனியாகப் போகச் சொன்னேன்.

"போகமாட்டேன்னு சொல்லல தம்பி. ரெண்டு பேர் பாக்கற வேலைக்கு ஒருத்தன அனுப்பறீங்க. அத எழுதிக் குடுங்கன்னு கேக்கறேன்."

"அண்ணன் ஆசைப்படறார் மாமா."

"ஆசைதானே, படட்டும்" என்று கிளம்பினார். மாத்திரை டப்பாவைச் சட்டையில் வைக்கத் தடவிப் பார்த்தார். பை இல்லை. வண்டிப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டு போனார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழுவினரையும் அண்ணனையும் கண்ணாடி அறையில் என்னோடு உட்காரவைத்தேன். நேரடியாக ஓர் அழைப்பைக் கேட்க ஆசைப்பட்டார்கள். அடுத்து வரும் அழைப்பு என் மச்சினியின் மேசைக்குப் போகும்படி ஏற்கனவே மாற்றிவைத்திருந்தேன். அவள் குரல் அப்படி. வேலையில் சேர்த்துவிட்டதே அந்தக் குரலுக்காகத்தான். பதினொன்று பத்துக்கு மணி ஒலித்தது.

"வணக்கம். பயணத்தின் நடுவே சற்று இளைப்பாறுகிறீர்கள். உங்களோடு நான் இருக்கிறேன்."

"பாப்பா, நான்தாம்மா, ஸ்பானர் மாமா. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நிக்கிது. பிரேக் புடிச்சிக்கிச்சு. மேல மெஷின் ரூம்லேர்ந்து கையாலதான் இறக்கணும். என் ஜோடிய அனுப்பு."

அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். தொடரச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன்.

"உங்களுக்கு உதவ எங்கள் நண்பர் மகிழ்ச்சியோடு புறப்படுகிறார்."

"மகிழ்ச்சியோட வேணாம்மா. சீக்கிரமா வரச் சொல்லு."

குழுவினர் மூவரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் வாடிக்கையாளர்களுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் என்றேன். அந்த நண்பர் கூடத்தில் பூங்கொத்தோடு நின்றுகொண்டிருந்தார், என்னிடமிருந்து பதினைந்து அடி தூரத்தில். சாதாரண அழைப்புகள் வரிசையில்தான் போகும், மற்ற மெக்கானிக்குகள் குழுப் புகைப்படத்துக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது நிமிடம் காபி வந்தது. குழுவினர் காதிலிருந்து கருவியைக் கழற்றிவைத்தார்கள். நான் ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது நிமிடம் மாமாவின் குரல் மாறியது. "பாப்பா, ஃபேன் நின்னுபோச்சு. நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுது. மாத்திரை வண்டில இருக்கும்மா. இந்தச் சட்டைல எங்க வைக்கிறது."

என் மச்சினி அட்டையை உயர்த்தினாள். சிரித்த முகமாகத்தான் உயர்த்தினாள். நான் கொடுத்த பயிற்சி. கை மட்டும் நடுங்கியது. அலுவலகத்தில் என்னை உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். ஆனால் அவள் உதடு 'அத்தான்' என்று அசைந்தது.

"இது என்ன?" என்று குழுவில் இருந்த அம்மையார் கேட்டார்.

"வாடிக்கையாளர் பாராட்டியிருக்கிறார்" என்றேன். சொல்லிவிட்டுக் கைதட்டினேன்.

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து மற்ற முப்பத்தொன்பது பேரும் தட்டினார்கள். அவள் அட்டையை இறக்கவில்லை. இறக்காததால் கைதட்டல் நின்றபாடில்லை. அண்ணன் எழுந்து நின்று தட்டினார். கடைசியில் நான் அவளைப் பார்த்துத் தலையசைத்தேன். 'சரி, பார்த்துக்கொள்கிறேன்' என்று அதை அவள் எடுத்துக்கொண்டாள். அட்டையைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லிட்டேன் மாமா. அத்தான் தலையாட்டிட்டார். வந்துடுவாங்க" என்றாள். ஆகவே பதினேழு நிமிடம் அவள் ஏன் எழுந்து ஓடவில்லை என்று அவளைக் கேட்காதீர்கள். அவள் என்னை நம்பினாள். அழைப்பை விட்டு எழுந்தால் அவர் தனியாகிவிடுவார் என்பதும் அவளுக்குத் தெரியும். எழுதிக்கொடுத்த வாக்கியங்களை எல்லாம் விட்டுவிட்டு அவருடைய மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அது பண்பாட்டு விதிக்கு மாறானது. நான் பொருட்படுத்தவில்லை.

அன்று இரவு என் மனைவியிடம், கை தானாகத் தட்டிவிட்டது, அந்த இடத்தில் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று சொன்னேன்.

"தானா தட்டுமா? கை உங்களுதுதானே?" என்றாள். அதற்குப் பிறகு பதினோரு நாளாகப் பேசவில்லை.

உங்களிடம் சரியாகச் சொல்லிவிடுகிறேன். தானாகத் தட்டவில்லை. அட்டை உயர்ந்ததற்கும் நான் தட்டியதற்கும் நடுவில் இரண்டு வினாடி இருந்தது, அதில் யோசித்தேன். அண்ணனுக்குப் பயந்தேன் என்று வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் எளிது. அவர் என்னை என்ன செய்திருப்பார், நாலு வார்த்தை திட்டியிருப்பார். நான் யோசித்தது வேறு. இப்போது பொத்தானை அழுத்தினால், மஞ்சள் அட்டை விஷயத்தில் ஸ்பானர் மாமா சொன்னதுதான் சரி என்று அத்தனை பேர் முன்னிலையில் ஆகிவிடும். அதுவும் உள்ளே இருப்பவர் அவரே. வெளியே வந்ததும் ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நீங்கள் கேட்கவில்லை. இருபதாவது நிமிடம் குழுவினர் எழுந்து புகைப்படத்துக்குப் போய்விட்டார்கள். அண்ணனும் கூடப் போய்விட்டார். அழைப்பு இருபத்தாறு நிமிடம். மீதி ஆறு நிமிடம் அந்த அறையில் நான் மட்டும்தான். என்னை யாரும் பார்க்கவில்லை. பொத்தான் என் வலது கைப்பக்கம் இருந்தது. காதில் அவர் மூச்சு கேட்டது. குழுவினர் மேசையில் விட்டுப்போன குறிப்பேட்டில் எங்களைப் பற்றி எழுதியதை நான் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை படித்தேன். 'இங்கே அக்கறை ஒரு சடங்கு அல்ல, இயல்பு' என்று இருந்தது.

ஆம், அவரைச் சாக விட்டது நான்தான். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

விருது எங்களுக்குத்தான் கிடைத்தது. அந்த அழைப்பின் பதிவைப் புதிதாகச் சேருபவர்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். கடைசிப் பகுதியை வெட்டிவிடச் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீங்களே கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு அழைப்பும் முடியும்போது, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று நாங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணைக் குறைப்போம். என் மச்சினியால் அழுகையில் கேட்க முடியவில்லை. அவரேதான் ஞாபகப்படுத்தினார்.

"அந்தக் கேள்வியக் கேட்டுடும்மா. இல்லாட்டி உன்னப் புடிச்சிக்குவாங்க." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். பிறகு, "அஞ்சு போட்டுக்கோ."

ஐந்துக்கு ஐந்து. பதிவில் தெளிவாக இருக்கிறது. குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடும் மனிதர் அவர். எங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.