பின்னால் நின்ற நீலச் சட்டை

கேமரா பழகுகிற எல்லோரையும் முதலில் குழப்புவது அந்த எண்தான், மேடம். எண் சிறியதாக இருந்தால் லென்ஸின் துவாரம் பெரியது. முன்னால் நிற்பவர் மட்டும் துல்லியமாக விழுவார். பின்னால் இருப்பதெல்லாம் கலங்கிய வண்ணமாகிவிடும். எண்ணைக் கூட்டினால் துவாரம் சுருங்கும், பின்னால் நிற்பவரின் முகமும் தெளிந்துவிடும். சமையல் மேடையில் தக்காளிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துத்தான் பழகினேன். தாராவியில் எங்கள் வீட்டில் அவ்வளவு நீளம்தான் கிடைக்கும்.

கேமராவைக் கொண்டுவந்தவர் என் கணவர் அய்யாத்துரை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது, என் மனம் மாறட்டும் என்று யாரிடமோ கேட்டு வாங்கி வந்தார். வயிற்றுப்பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போயிருந்தது.

அதற்குக் காரணம் என் நாத்தனார் முத்துமாரி. செம்பூரில் நான் வேலை பார்த்த துணிக்கடையிலிருந்து, ஒரு மழை நாளில், கூட வேலை செய்த ஆண் ஒருவர் என்னைத் தன் குடையில் பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்து விட்டார். அதைப் பார்த்துவிட்டு, சாப்பிடும்போது அண்ணனிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, மதினி இப்பம் குடை பிடிக்க ஆளு வச்சிருக்காவ, தெரியுமா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். என் கணவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். ஆஸ்பத்திரியில், வழுக்கி விழுந்ததாகச் சொன்னோம்.

பிறகு முத்துமாரி என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் தலையை வருடிக்கொடுத்தேன்.

இந்த வருஷம் தூத்துக்குடி மாப்பிள்ளை வீட்டில் அவள் போட்டோ கேட்டார்கள். "மதினியே எடுக்கட்டும்" என்றாள். மாட்டுங்காவுக்கு, ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா பக்கம் போனோம். அங்கே நீலச் சட்டை போட்ட பையன் ஒருவன் காத்திருந்தான். பெயர் இசக்கிப்பாண்டி. அவள் விரும்புகிறவன், வேறு சாதி.

"மதினி, எங்க ரெண்டு பேருக்கும் சேந்தாப்ல ஒரு போட்டோ கிடையாது. போன்ல வச்சா அண்ணன் நோண்டிப் பாத்துரும். இவன் பின்னால மங்கலா நிக்கட்டும். ஒங்களுக்குத்தான் அது வரும்லா?"

"மாப்ள வீட்டுக்குப் போற போட்டோவுலயாளா?"

"அந்த மாப்ளைய எப்படியும் வேண்டாம்னுதான் சொல்லப்போறேன். நீலமா ஒரு திட்டு விழுந்தாப் போதும் மதினி. அது யாருன்னு எனக்குத் தெரியும்லா."

கைப்பையையும் செருப்பையும் அவனிடம் கொடுத்துவிட்டுப் புல்லில் போய் நின்றாள்.

"கல்யாணத்துக்கு முன்னாலயே செருப்பு தூக்க விட்டுட்டா, பாத்தியளா அக்கா?" என்று சிரித்தான். "நான் மரத்தடியில நிக்கவா?"

"வேண்டாம் தம்பி. வெளிச்சத்துல நில்லுங்க."

எண்ணைக் கூட்டிப் பதினாறில் வைத்தேன்.

எடுத்ததைக் கேமராவின் சின்னத் திரையில் காட்டினேன். வெயிலைக் கையால் மறைத்துப் பார்த்தவள், அந்தச் சின்ன நீலத்தைக் கண்டுபிடித்து என் கன்னத்தில் முத்தமிட்டாள்.

வீட்டில் படத்தை என் போனில் ஏற்றிக் கணவரிடம் கொடுத்தேன். "லெச்சணமா இருக்காளே" என்றார். "பின்னால என்னமோ தெரியுது, பாருங்க" என்று இரண்டு விரலால் பெரிதாக்கியது நான்தான். அவன் தோளில் தொங்கிய பையின் சிவப்பு நூல் தையல் வரை தெரிந்தது. தோல் பட்டறையில் தங்கைக்கென்று அவரே உட்கார்ந்து தைத்த பை. அவன் கையில் அவள் செருப்பு.

"யாருளா இவன்?"

பெயரைச் சொன்னேன். எந்தக் கடையில் வேலை பார்க்கிறான் என்று முத்துமாரி என்னிடம் சொல்லியிருந்ததையும் சொன்னேன். அவர் தோல் வெட்டும் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார். நான் தடுக்கவில்லை. சோறு ஆறிவிடாமல் மூடி வைத்தேன்.

இசக்கிப்பாண்டியின் உயிர் அந்தக் கடை வாசலிலேயே போய்விட்டது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

முத்துமாரி இப்போது என் மடியில்தான் படுத்துக்கொள்கிறாள். "மதினி, நீங்க மங்கலாத்தான எடுத்திய? அண்ணனுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "தெரியலளா" என்று சொல்லி ஒரு வாய் சோறு ஊட்டிவிடுகிறேன்.

எனக்கு ஒன்று போனதுபோல் அவளுக்கும் ஒன்று போக வேண்டும் என்றுதான் செய்தேன். நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் கணவரை மட்டும் விட்டுவிடுங்கள். இதில் அவர் செய்த தப்பு என்ன இருக்கிறது? அவர் நல்லவர், மேடம். கோபம் வந்தால் மட்டும் கொஞ்சம் கை நீண்டுவிடும்.