முன்பல் ரெண்டு

ஹலோ... ஹலோ, தங்கச்சி? அண்ணன்தான் பேசுறேன்... ஆமா, காலங்காத்தாலதான். கிளினிக்குக்குக் கிளம்பிட்டியா?... இல்ல இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல. கடையில நிக்கிறேன். பிரஷ் முன்னாடி... பல்லு விளக்குற பிரஷ்தான்! சிரிக்காத. சுவரு முழுக்கத் தொங்குது. எதை எடுக்கிறதுன்னு தெரியாம கண்ணைக் கட்டுது.

... ஆமா, ஆமா, உங்க டாக்டர் போன தடவையே மெத்துனு இருக்கிறதா வாங்கச் சொன்னாரு. வாங்குனேன். வாங்காம என்ன?... அது வேலைக்கு ஆகல. காலையில துப்பினா வாஷ்பேசின் பூரா ரத்தம். முன்பல்லு ரெண்டும் நாக்கு பட்டாலே ஆடுது. நாளைக்குப் பாத்துட்டு, ஈறு இறுகலேன்னா பிடுங்கிடலாம்னாரே... எப்படி பயப்படாம இருக்கிறது? அந்த ரெண்டு பல்லு மேலதான்டி என் கிளாரினெட்டே நிக்குது! அது போச்சுன்னா எதை வெச்சு ஊதுறது? வாத்தியக் குழுவுல என் நாற்காலியில மறுநாளே வேற ஆளு உக்காந்திருப்பான்...

ஒரு நிமிஷம். போங்கம்மா, போங்க, தள்ளிக்கிறேன்... ஹலோ?

... அழுத்தியா? கொஞ்சம் அழுத்தித்தான்... ரத்தம் வந்தா கெட்ட ரத்தம் போகுதுன்னு நெனச்சேன்... சரி, திட்டு. ஆனா எதை எடுக்கணும்னு சொல்லிட்டுத் திட்டு.

... ம்... ம்... தலை சின்னதா. கடவாப்பல்லு வரைக்கும் போற மாதிரி. சரி... 'ஹார்டு' பக்கமே போகக் கூடாது. 'மீடியம்' கூட வேண்டாம்... கறுப்பா ஒண்ணு இருக்கு, கரி போட்டதாம்... வேண்டாமா? சரி சரி, கத்தாத. 'சாஃப்ட்'. வெறும் 'சாஃப்ட்'... முனை உருண்டையா இருக்கணுமா? எந்த முனை?... ஒவ்வொரு நாருக்குமா?

உருண்டையா இல்லேன்னா என்ன ஆகும்?... ஊசி மாதிரியா?... ஈறைக் கிழிச்சிடுமா...

தங்கச்சி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. மெத்துனு இருந்த அந்தப் பிரஷை நான் வெட்டிட்டேன்... நாரைத்தான். பாதிக்கு. கிளாரினெட்டோட நாணல் ரீடு வெட்டுற அதே கத்தியால... பைத்தியம் இல்லடி! வாயில வெச்சு ஊதுற ரீடு தொளதொளன்னு இருந்தா என்ன பண்ணுவோம்? நுனியில ஒரு மயிரிழை வெட்டுவோம், விறைப்பாயிடும். இத்தனை வருஷமா அதைத்தானே பண்றேன். பிரஷும் தொளதொளன்னு இருந்துச்சு, அழுக்கே போகாத மாதிரி. வெட்டுனேன். ஜம்முனு விறைச்சுக்கிச்சு... நல்லதுக்குன்னுதான்டி பண்ணேன்! பல்லைக் காப்பாத்தணும்னுதான் அந்தத் தேய் தேய்ச்சேன்...

... ஆமா. ஆமா. தூக்கிப் போட்டுடறேன். பேனா பிடிக்கிற மாதிரி பிடிக்கிறேன். ஈறோரமா சாய்ச்சு, சின்னச் சின்ன வட்டமா... சரி, ரத்தம் வருதேன்னு விட்டுடவும் கூடாது, மெல்ல... ஏம்மா, நாளைக்கு டாக்டர்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லேன். அவர் பக்கத்துல நின்னு கருவி எடுத்துக் குடுக்கிறவதானே நீ. இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பாக்கச் சொல்லு. உன் கால்ல வேணாலும் விழுறேன்... சொல்றியா? நிஜமா?... நீ நல்லா இருப்ப.

... எடுத்துட்டேன். கையில இருக்கு. சாஃப்ட், தலை சின்னது... ஒண்ணுதான். ரெண்டு எதுக்கு?

... யாருக்கு?

... பாப்பாவுக்கா... என் மகளுக்கா...

ஐயோ.

... தங்கச்சி, அவளோடதையும் வெட்டிட்டேன். நேத்து ராத்திரிதான். 'அப்பாவோடது மாதிரி எனக்கும் வெட்டிக் குடு'ன்னு வந்து நின்னா. நானும் சிரிச்சுக்கிட்டே... அவளுக்கு இப்பதானேடி பால்பல்லு விழுந்து, முன்பல்லு ரெண்டும் புதுசா எட்டிப் பாக்குது! 'நல்லா அழுத்தித் தேய்க்கணும்'னு வேற சொல்லிக் குடுத்தேன்...

... இல்ல, என்னைப் பத்திப் பேசாத. என் பல்லு எக்கேடு கெட்டா என்ன! பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புற நேரம், இப்ப அவ பாத்ரூம்லதான் நிப்பா. வை. நான் வீட்டுக்குக் கூப்பிடணும். போனை வை, தங்கச்சி, வைடி...